ஆறு மணிப் பதிவுகளில் என் பெயர்

புருல்சுன் எஜே எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். எந்த வேன் முதலில் புறப்பட வேண்டும், எது அடுத்தது, தலைநகர் பிஷ்கேக் போகிற வண்டியை இன்று விடலாமா வேண்டாமா என்று சொல்வது அவர் பொறுப்பு. கண்ணாடிச் சன்னலில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதற்குப் பின்னால் கணவருடைய பஞ்சு வைத்துத் தைத்த மேல்கோட்டைத் தோளில் போட்டபடி அவர் உட்கார்ந்திருப்பார். கணவர் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தார். ஊரில் முக்கால்வாசிப் பேருக்குப் புருல்சுன் எஜேதான், அதாவது அக்கா. அவரைவிட மூத்த ஓட்டுநர்கள் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

அதற்கு முன்னால் மலைமேல் ஒரு வானிலை நிலையத்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்தார். இருபது வயதில் போனவர். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே போய்க் காற்று, வெப்பம், பனியின் ஆழம் எல்லாம் பார்த்து நோட்டில் எழுதி, வரிக்கு வரி தன் பெயரின் முதலெழுத்தைப் போட வேண்டும். புயல் நாளில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அளவுகோல் வரை போய்வருவாராம். பார்க்க முடியாமல் போனால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். உத்தேசமாக நிரப்பியவர்களை அங்கே வேலையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த நிலையத்தை மூடியபோது அவர் கீழே இறங்கி வந்தார். பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

எங்கள் ஊரிலிருந்து பிஷ்கேக் போக டோலோன் கணவாயைத் தாண்ட வேண்டும். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை அதன் நிலைமை ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு விதமாக இருக்கும். வண்டி நிறைந்துவிட்டால் ஓட்டுநர்களுக்குக் கணவாய் எப்போதும் திறந்திருக்கும்.

"டோலோன் தொறந்திருக்கு எஜே. போர்டுல போடுங்க."

"நீ பாத்தியா?"

"என் மச்சான் பாத்தான்."

"எந்த மச்சான்? ஒனக்குத்தான் மச்சானுங்க ஆட்டு மந்தையாட்டம் இருக்கானுங்களே."

"கோச்கோர் மச்சான் எஜே."

"கோச்கோர் கணவாய்க்கு அந்தப் பக்கம். அவன் இந்நேரம் எந்திரிச்சிருக்கவே மாட்டான். அவன் பாத்தது அவன் போர்வையத்தான். போய் ஒரூஸ்பாயைக் கூட்டிட்டு வா, நேத்து சாயங்காலம் அவர்தான் கடைசியா வந்தவரு."

பயணிகள் சிரிப்பார்கள். வண்டி நிற்கும். ஒரூஸ்பாய் பைக்கே, எங்கள் வழக்கில் அண்ணன், வந்து, எந்த வளைவில் பனிக்கட்டி, எங்கே லாரி குறுக்கே நிற்கிறது என்று சொன்ன பிறகுதான் பலகையில் எழுத்து ஏறும்.

அந்தப் பலகையைத்தான் நான் இணையத்துக்குக் கொண்டுபோனேன். 2017 கோடையில் எனக்குப் பத்தொன்பது வயது. பிஷ்கேக்கில் கணினியியல் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தேன். கோடையில் ஏதாவது ஒன்று செய்து காட்ட வேண்டும் என்று துறையில் சொல்லியிருந்தார்கள். எட்டாம் வகுப்பு வரை கிர்கிஸ் பள்ளி, பிறகு ரஷ்யப் பள்ளி. ஊரில் என்னை ரஷ்யப் பள்ளிக்கூடத்துப் பெண் என்பார்கள். நகரத்தில் கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்தவள் என்பார்கள். இரண்டு இடத்திலும் குறைவாகப் பேசுவது வசதியாக இருந்தது.

நான் செய்தது மிக எளிய தளம். ஊருக்கு ஒன்று, கணவாய்க்கு ஒன்று என்று சில எழுத்துக் கோப்புகள். ஒரு சிறு நிரல் அவற்றைப் பக்கங்களாக ஆக்கி வைத்துவிடும். பின்னால் வேறு எதுவும் ஓடாது. பழைய கைபேசியிலும், சிக்னல் ஒரு கோடு மட்டும் இருந்தாலும் திறக்கும். கோப்புகள் எல்லாம் பொதுவான ஒரு களஞ்சியத்தில் இருந்தன. யார் எந்த வரியை மாற்றினாலும் அது ஆள் பெயரோடும் நேரத்தோடும் பதிவாகும். முந்தைய நாள் என்ன இருந்தது, போன வருடம் என்ன இருந்தது என்று எவரும் திரும்பிப் பார்க்கலாம். வெளியிலிருந்து யாராவது திருத்தம் அனுப்பினால், பொறுப்பில் இருப்பவர் படித்துப் பார்த்து, சரி என்றால் சேர்த்துக்கொள்ளலாம்.

நிலையத்துக் கணினியில் எல்லாவற்றையும் நிறுவி, கோப்பைத் திருத்தியதும் அழுத்துவதற்கு ஒரு சிறு படத்தைத் திரையில் வைத்துக் கொடுத்தேன். எஜே முதல் நாளே கற்றுக்கொண்டார். எழுதினார், சேமித்தார், அழுத்தினார். பிறகு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து எங்க போடணும்?"

"தேவையில்ல எஜே. யார் எழுதினாங்கன்னு கம்ப்யூட்டரே குறிச்சுக்கும்."

"அதுக்கு என்னைத் தெரியுமா?"

"தெரியும்."

தெரியாது. நிறுவும்போது ஒரு பெயரும் மின்னஞ்சலும் கொடுத்தாக வேண்டும். முதல் சோதனை ஓடட்டும் என்று என்னுடையதைக் கொடுத்திருந்தேன். மூன்றாம் நாள் வீட்டிலிருந்து பதிவுகளின் பட்டியலைத் திறந்து பார்த்தபோது, எஜே காலையில் எழுதிய வரிகளுக்குக் கீழே 'பெரிசாத்' என்று என் பெயர் இருந்தது. மாற்றுவது ஒரு நிமிட வேலை. நாளை நிலையத்துக்குப் போகும்போது செய்யலாம் என்று நினைத்தேன். மறுநாள் போனேன். ஓட்டுநர்களோடு அவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தேன். செப்டம்பரில் பிஷ்கேக்குக்குக் கிளம்பினேன்.

அதன்பின் ஒவ்வொரு நாள் காலையும் ஆறு மணி வாக்கில் ஒரு பதிவு ஏறும். விடுதியில் படுத்தபடி கைபேசியில் பார்ப்பேன்.

'டோலோன்: திறந்திருக்கிறது. தெற்குச் சரிவில் மூன்று வளைவுகளில் பனிக்கட்டி. பார்த்தவர் ஒரூஸ்பாய், நேற்று மாலை ஏழு மணி.'

'டோலோன்: மூடியிருக்கிறது. பார்த்தவர் எண்ணெய் லாரி ஓட்டுநர், பெயர் சொல்லவில்லை, திரும்பி வந்துவிட்டார்.'

'டோலோன்: தெரியவில்லை. இன்னும் யாரும் வரவில்லை.'

இந்த மூன்றாவது வகைதான் ஓட்டுநர்களுக்கு ஆகாது. "எஜே, 'தெரியல'ன்னு எழுத தனியா ஒரு பட்டன் வச்சிருக்கீங்களா? ஆளுங்க அதைப் பாத்தா டிக்கெட்டைத் திருப்பிக் குடுக்கறாங்க" என்று குறைப்படுவார்கள். "ஒனக்குத் தெரிஞ்சா சொல்லேன், எழுதறேன்" என்பார் எஜே. ஓட்டுநர் வாயை மூடிக்கொள்வார். ஆனால் அதே ஓட்டுநர் வீட்டிலிருந்து கிளம்பும் முன் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து பார்ப்பார்.

இரண்டாம் ஆண்டில் வெளியிலிருந்தும் திருத்தங்கள் வரத் தொடங்கின. ஆற்றுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் செவிலியாக இருந்த ஷைர்குல் என்ற பெண் தன் கணினியில் எல்லாக் கோப்புகளையும் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துப் பாலங்களைப் பற்றி எழுதி அனுப்புவாள். இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எஜே யாருடைய திருத்தத்தையும் சும்மா சேர்த்துக்கொள்ள மாட்டார். கீழே கேள்வி எழுதுவார். 'எங்கே நின்று பார்த்தீர்கள்? எத்தனை மணிக்கு? ஆற்று நீர் வண்டிச் சக்கரத்தின் எந்த உயரம் வரை வந்தது?' பதில் வந்த பிறகே சேர்ப்பார். எல்லாக் கேள்விகளும் என் பெயரில்தான் போயின. பெரிசாத் என்பவள் ஐம்பது வயதுக் கண்டிப்பான பெண்மணி என்று அவர்கள் நினைத்திருந்ததைப் பின்னால் ஷைர்குல் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு பிப்ரவரியில் ஷைர்குலிடமிருந்து என் அஞ்சலுக்கு ஒரு கடிதம் வந்தது. பிரசவ வலியில் இருந்த ஒரு பெண்ணைக் கணவாய் வழியாக அனுப்புவதா, இங்கேயே வைத்துக்கொள்வதா என்று அவர்கள் குழம்பியிருக்கிறார்கள். கணவாய் திறந்திருக்கிறது, ஆனால் பனி ஏறிக்கொண்டிருக்கிறது என்ற காலைப் பதிவைப் பார்த்து, வேன் வழக்கமாகக் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே வண்டியைக் கிளப்பியிருக்கிறார்கள். மத்தியானம் கணவாய் மூடிவிட்டது. தாயும் பிள்ளையும் நலம். 'பெரிசாத், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது' என்று முடித்திருந்தாள். 'மிக்க மகிழ்ச்சி' என்று பதில் போட்டேன். அந்தக் கடிதத்தை எஜேக்கு அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. அனுப்பினால் முதல் வரியிலேயே என் பெயரைப் பார்ப்பார். அனுப்பவில்லை.

2021 இல் பிஷ்கேக்கில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். என்னைக் கேள்வி கேட்டவர் களஞ்சியத் தளத்தில் என் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். வேலை செய்த நாளுக்கு ஒன்று என்று பச்சைக் கட்டங்கள் போட்டுக் காட்டும் இடம் அது. மற்றவர்களுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். என் பக்கம் நான்கு வருடத்துக்கும் புல்வெளிபோல இருந்தது.

"ஒரு நாள்கூட விடலையா? புத்தாண்டு அன்னிக்குமா?"

நான் தலையை லேசாக அசைத்தேன்.

"அதுவும் காலைல ஆறு மணிக்கு. ஏன் அவ்வளவு சீக்கிரம்?"

"பழக்கம்" என்றேன்.

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். வேலை கிடைத்தது. குழுத் தலைவர் பிறகு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எங்களை அறிமுகம் செய்யும்போது அந்தப் பச்சைக் கட்டங்களைத் திரையில் காட்டினார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடக்கமான பெண் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டு வசந்தத்தில் எங்கள் ஊர் நிலையத்தைத் தனியாரிடம் ஒப்படைக்கப் போவதாகச் செய்தி வந்தது. சீட்டுக்கும் வரிசைக்கும் எந்திரம் வைப்பார்களாம். ஜூனோடு எஜேயின் வேலை முடிகிறது. அதே சமயம், கணவாய்ச் சாலைகளின் நிலவரத்தைச் சேகரிக்கச் சாலைத் துறை எங்கள் ஊரிலேயே ஓர் அலுவலகம் திறந்து, ஒரே ஒருவரை நியமிக்கப் போவதாக அறிவிப்பு வெளியானது. சாலை நிலவரங்களைக் கணினியில் பதிந்த அனுபவம் வேண்டும், அதற்குச் சான்று காட்ட வேண்டும். எஜேக்கு நாற்பத்தேழு வயது. அந்த வேலையை அவருக்காகவே யோசித்து உண்டாக்கியதுபோல இருந்தது. ஒரூஸ்பாய் பைக்கேயின் வண்டியில் பிஷ்கேக் வந்து விண்ணப்பம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அன்று மாலை என்னைக் கூப்பிட்டார்.

"பெரிசாத், வேலையா இருக்கியா?"

"இல்ல எஜே, சொல்லுங்க."

"அங்க ஒரு இன்ஜினியர் இருந்தான், சின்னப் பையன். நம்ம பக்கத்தைத் தொறந்து உள்ள எங்கெங்கயோ போனான். எல்லா வரிக்கும் கீழ உன் பேருதான் இருக்குங்கறான்."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"மேல உன் பேரு இருக்கிறதை நானும் பாத்திருக்கேன். வாசல்ல மாட்டுற பேர்ப்பலகைன்னு நெனச்சேன். வீடு உன்னது, அதான் உன் பேருன்னு. வரிக்கு வரி இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"அது... ஆரம்பத்துல செட்டிங்ல விட்டுப்போச்சு எஜே."

"விட்டுப்போச்சா. சரி, போவட்டும். நீ ஒரு தாள்ல ரெண்டு வரி எழுதிக் குடு. இன்ன வருஷத்துலேந்து இதைச் செஞ்சது இவங்கதான்னு. கீழ கையெழுத்துப் போடு. அது போதும்னு அந்தப் பையனே சொன்னான்."

"இன்னிக்கே எழுதறேன்."

"திங்கக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. அவசரம் இல்ல. மறந்துடாத, அவ்ளோதான்."

அன்று செவ்வாய்க்கிழமை. அன்று இரவே எழுத உட்கார்ந்தேன். '2017 ஆகஸ்ட் முதல்' என்று தொடங்கி நிறுத்தினேன். அந்தப் பொறியாளரின் பெயரை எஜே சொல்லியிருந்தார். பல்கலைக்கழகத்தில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர். அவருக்கு என் நிறுவனத்தில் நண்பர்கள் உண்டு. பிஷ்கேக்கில் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நான்கைந்து காப்பிக் கடைகளில்தான் உட்கார்ந்திருப்போம். அந்தத் தாளை அவர் படித்தால் பச்சைக் கட்டங்களும் அவர் நினைவுக்கு வரும். புதன் போயிற்று. வியாழன், வெள்ளியும் போயின.

சனிக்கிழமை பிற்பகல் காலியான அலுவலகத்தில் உட்கார்ந்து, தாள் இல்லாமலே காரியத்தை முடிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். பழைய பதிவுகளைத் திருத்தி எழுத முடியும். அதிகாலை ஐந்திலிருந்து ஒன்பதுக்குள் நிலையத்திலிருந்து ஏறிய ஒவ்வொரு பதிவிலும் என் பெயரை எடுத்துவிட்டு எஜேயின் பெயரைப் போடும்படி ஒரு நிரல் எழுதினேன். ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் பதிவுகள். ஒரு மணி நேரத்தில் ஓடி முடிந்தது. பட்டியலைத் திறந்தேன். புருல்சுன், புருல்சுன், புருல்சுன். யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ளாமல் நியாயம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். மனம் லேசாக இருந்தது. எஜேயைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"எஜே, இப்ப எல்லாம் உங்க பேருலயே இருக்கு. போய்த் தொறந்து காட்டுங்க."

"அப்படியா? நல்லது பொண்ணே. தாளையும் குடுத்துட்டா ஒரு பத்திரமா இருக்குமே."

"வேணாம் எஜே. தாளைவிட இது பெரிய சாட்சி."

ஒவ்வொரு பதிவுக்கும் உள்ளே இரண்டு பெயர், இரண்டு தேதி உண்டு. எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்பது ஒன்று. அதைக் களஞ்சியத்தில் வைத்தவர் யார், எப்போது வைத்தார் என்பது இன்னொன்று. நான் முதலாவதை மட்டும் மாற்றினேன். இரண்டாவது இடத்தில் என் பெயரையும் அந்தச் சனிக்கிழமையின் தேதியையும் கணினி தானாகவே போட்டுவிட்டது. எனக்கு இது தெரிந்த விஷயம்தான். அன்று எனக்கு வேண்டியதை மட்டும் பார்த்துவிட்டுத் திரையை மூடியிருந்தேன்.

திங்கட்கிழமை மாலை வாசல் காவலர் என்னைக் கூப்பிட்டு ஒரு பையைக் கொடுத்தார். செய்தித்தாளில் சுற்றிய ஒரு ஜாடிப் பாலாடை, ஒரு பொட்டலம் குருத். உப்பு தூக்கலாகப் போட்ட அந்தத் தயிர் உருண்டைகளைப் பார்த்ததும் எஜே வீட்டுக் குருத் என்று தெரிந்தது. வேலை கிடைத்துவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்து உடனே கூப்பிட்டேன். எடுத்தது ஒரூஸ்பாய் பைக்கே.

"யாரு? பெரிசாத்தா? ரொம்பப் படிச்ச பொண்ணு."

"எஜே எங்க பைக்கே?"

"பின்சீட்டுல தூங்குறா. இல்ல, தூங்குற மாதிரி படுத்திருக்கா. கோச்கோர்ல நிக்கிறோம்."

"போன காரியம்..."

"காரியமா? சொல்றேன் கேளு. அந்தப் பையன் கம்ப்யூட்டரை எங்க பக்கம் திருப்பினான். 'எஜே, நாலு வருஷ வேலைன்னு சொல்றீங்க, இது மொத்தமும் போன சனிக்கிழமை மூணு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவுல வச்சது. வச்சதும் அந்தப் பொண்ணுதான்'னான். மரியாதையாத்தான் சொன்னான். அப்புறம் கேட்டான், 'அவங்ககிட்ட மாத்தச் சொன்னது நீங்களா'ன்னு. இவ என்ன சொல்லணும்? 'எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி'ன்னு சொல்லிருக்கணும். இவளா சொல்வா? 'ஆமா, நான்தான் கேட்டேன்'னுட்டா."

கையிலிருந்த பையைத் தரையில் வைத்தேன்.

"நான் சும்மா இருக்காம நடுவுல புகுந்தேன். 'தம்பி, பனியப் பாத்தவன் நானு, எழுதினவ இவ'ன்னேன். 'நீங்க யாரு'ன்னான். 'டிரைவர்'னேன். 'கொஞ்சம் வெளிய உக்காருங்க பைக்கே'ன்னான். உக்காந்தேன். அங்க நாற்காலி நல்லா இருந்துச்சு."

"பைக்கே, நான் நாளைக்கே..."

"ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். ஒரு தாள் எழுத எவ்ளோ நேரம் ஆவும்?"

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் எழுதினேன். பன்னிரண்டு நிமிடம் ஆனது. கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு சாலைத் துறை அலுவலகத்துக்குப் போனேன். பொறியாளர் இரண்டு முறை படித்தார். "உங்க பக்கத்தைப் பத்தி நண்பர்கள் சொல்லிக் கேட்டிருக்கேன்" என்றார். பிறகு, நியமன ஆணையில் நேற்று மாலையே கையெழுத்தாகிவிட்டது, வேறு ஒருவர் பெயரில், என்றார். அவர் மேல் தவறு ஏதும் இல்லை. அவர் முன்னால் இருந்ததைப் பார்த்தார், முடிவு செய்தார். என் தாளைத் துளை போட்டுக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். நிறுவனத்துக்குத் திரும்பி வந்து குழுத் தலைவரிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர் "இப்ப நல்லாத்தான வேலை செய்யறே" என்றார். எனக்கு எதுவும் ஆகவில்லை. இத்தனை நாள் நான் பயந்தது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

அந்த வாரமே இன்னொன்றும் தெரிந்தது. நான் பழைய பதிவுகளைத் திருத்தியதால் மற்றவர்களிடம் இருந்த பிரதிகள் எதுவும் களஞ்சியத்தோடு பொருந்தவில்லை. நிலையத்திலிருந்து எஜே அழுத்திய பதிவையும் அது மூன்று நாட்களாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. டோலோன் பக்கத்தில் சனிக்கிழமைக் காலை நிலவரமே நின்றுகொண்டிருந்தது. ஷைர்குல் எழுதியிருந்தாள்: 'பழைய பதிவுகளுக்கு என்ன ஆயிற்று? புருல்சுன் யார்?' அவளுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அவள் நன்றி சொன்ன ஆள் நான் இல்லை என்பதையும் எழுதினேன். ஒரு நாள் கழித்துப் பதில் வந்தது. என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. எஜேயின் தொலைபேசி எண்ணை மட்டும் கேட்டிருந்தாள்.

களஞ்சியத்தை அவளிடம் இருந்த பழைய பிரதியிலிருந்து மீட்டேன். வேறு வழி இருக்கவில்லை. அதனால் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் பதிவுகளிலும் என் பெயரே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. முகப்பில் நடந்ததைச் சொல்லி ஒரு குறிப்பு வைத்தேன். அதைச் சிலர் படித்திருப்பார்கள்.

ஜூலை நடுவில் ஊருக்குப் போனேன். நிலையத்துச் சன்னலில் எந்திரம் வந்திருந்தது. எஜே வீட்டில் பக்கத்து வீட்டு விருந்துக்காக எண்ணெயில் பொரிக்கும் போர்சோக்குக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "வா, உக்காரு" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல அரைக் கிண்ணம் தேநீர் ஊற்றித் தந்தார். எங்கள் பக்கத்தில் கிண்ணத்தைப் பாதிக்கு மேல் நிரப்ப மாட்டோம். இன்னும் கொஞ்ச நேரம் இரு, மறுபடி மறுபடி ஊற்றித் தருகிறேன் என்று அதற்குப் பொருள்.

"அந்த செவிலிப் பொண்ணு கூப்பிட்டா" என்றார். "அந்தக் கொழந்தைக்கு இப்ப ரெண்டு வயசு முடிஞ்சிடுச்சாம்."

நான் மடிக்கணினியை எடுத்து மேசையில் வைத்தேன். வரும் வழியிலேயே எல்லாம் தயார் செய்திருந்தேன். அவர் பெயர், அவருக்கென்று ஒரு கணக்கு.

"எஜே, ஒண்ணே ஒண்ணு எழுதுங்க. இன்னிக்கு டோலோன் எப்படின்னு. உங்க பேருலயே போகும். நான் பாத்துட்டேன், ரெண்டு எடத்துலயும் உங்க பேருதான் வரும்."

அவர் திரையைக் குனிந்து பார்த்தார். தன் பெயரைப் படித்தார் என்று நினைக்கிறேன். உதடு அசைந்தது.

"இன்னிக்கு டோலோன் எப்படின்னு எனக்குத் தெரியாதே."

"ஒரூஸ்பாய் பைக்கேயக் கேட்டு எழுதலாம். காலைல அவர் வண்டியிலதான் வந்தேன். ரோடு சுத்தமா இருந்துச்சு."

"அப்ப பாத்தவ நீ. நீயே எழுது. நான் வேலையில இல்ல பொண்ணே. வேலையில இல்லாதவ எழுதக்கூடாது."

மறுபடி மாவைக் கையில் எடுத்தார். நீளமாக உருட்டி, கத்தியால் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினார். நான் கணினியை மூடினேன்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார், தலையைத் தூக்காமல். "அந்தப் பேரு விஷயம். விட்டுப்போச்சுன்னு சொன்ன. விட்டுப்போனது உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

பொய் சொல்ல இடம் இருந்தது. அவர் செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டபோதுதான் என்றால் நம்பியிருப்பார்.

"மூணாவது நாள்."

"எந்த மூணாவது நாள்?"

"நீங்க எழுத ஆரம்பிச்ச மூணாவது நாள்."

"மூணாவது நாள்" என்று அவர் ஒருமுறை சொன்னார், யாரோ சொன்ன அளவை நோட்டில் எழுதுவதற்கு முன் சரிபார்த்துக்கொள்வதுபோல.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சன்னலுக்குப் பின்னால் இருந்து அவர் திட்டாத ஆள் ஊரில் கிடையாது. அவர் தேநீர்க் குடுவையை எடுத்து, என் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, விளிம்பு வரை நிரப்பினார். துளி சிந்தாமல் இரண்டு கையாலும் நகர்த்தி என் முன்னால் வைத்தார்.

"குடி. வண்டி மூணு மணிக்குக் கிளம்பிடும்."

அப்போது ஒன்றரை மணிகூட ஆகவில்லை. நான் கிண்ணத்தைத் தூக்கினேன். அவர் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றி, சூடு வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு துண்டு மாவைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். முழுவதையும் குடித்து முடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அதுவரை அவர் என் பக்கம் திரும்பவில்லை.